சிறுநீரகம் போன பிறகு வரும் கணக்கு

மேல் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து பேத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்ததும், நோயாளியும் வீட்டாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "திரும்ப வருமா, டாக்டர்?" பதிலாக ஒரு சதவீதம் சொல்வது இன்று கஷ்டமில்லை. வயது, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் குறிக்கும் டி நிலை, நிணநீர் முடிச்சு என்று நாலைந்து தகவல்களைக் கொடுத்தால், நோமோகிராம் எனப்படும் கணிப்புக் கருவி ஐந்தாண்டு வாய்ப்பை நொடியில் காட்டிவிடும். அந்த எண் எதிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த முடிவுக்கு உதவும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். இந்த நோயில் கணிப்பு பிசகுவதைவிடப் பெரிய சிக்கல், அது தாமதமாக வருவதுதான்.

சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் ரீனல் பெல்விஸ், அங்கிருந்து கீழே இறங்கும் யூரேட்டர், அதன் பிறகு சிறுநீர்ப்பை: இவை எல்லாவற்றின் உட்புறத்தையும் மூடியிருப்பது யூரோதீலியம் என்ற ஒரே வகைச் செல்லடுக்கு. அதில் உண்டாகும் புற்றுநோய்களில் 90 முதல் 95 சதவீதம் சிறுநீர்ப்பையில் வருகிறது. மேலே வருவது 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை மேலோட்டமாக இருக்கும்போதே பிடிபடுகின்றன. மேலே வருபவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, கண்டுபிடிக்கும்போதே சுவருக்குள் ஊடுருவியிருக்கும். யூரேட்டர் சுவரும் ரீனல் பெல்விஸ் சுவரும் மிக மெல்லியவை. கட்டி கொஞ்சம் இறங்கினாலே தசையைத் தாண்டிக் கொழுப்புக்குள் போய்விடுகிறது. கணிப்பு இங்கே இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் இந்த மெல்லிய சுவர்தான்.

நோய் பரவாத, ஆனால் ஆபத்து அதிகமான கட்டிக்கு வழக்கமான சிகிச்சை, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையும் முழு யூரேட்டரையும், அது சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு வளையத்தையும் சேர்த்து எடுப்பது. அப்படி எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் ரிப்போர்ட்டில்தான் கணிப்பின் முக்கால் பங்கு இருக்கிறது.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது டி நிலை. டிஏ என்றால் உள்ளடுக்கோடு நிற்கிறது, டி1 அதற்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவுக்குள் இறங்கியிருக்கிறது, டி2 தசைக்குள். டி3 என்பது தசையையும் தாண்டியது. யூரேட்டராக இருந்தால் சுற்றியுள்ள கொழுப்புக்குள், ரீனல் பெல்விஸாக இருந்தால் பக்கத்துக் கொழுப்புக்குள் அல்லது சிறுநீரகத் திசுவுக்குள் போயிருக்கிறது என்று பொருள். டி4 அண்டை உறுப்புக்கோ, சிறுநீரகத்தைத் துளைத்து அதன் வெளிக் கொழுப்புக்கோ போயிருப்பது. டி2, டி3 நிலைகளில் இந்தப் புற்றுநோயால் இறக்காமல் ஐந்து ஆண்டைக் கடப்பவர்கள் பாதிக்கும் குறைவு என்றும், டி4 நிலையில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றும் ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் நெடுங்காலம் சொல்லி வந்தது. இவை பெரும்பாலும் அறுவைக்குப் பிறகு கீமோ கொடுக்காத காலத்துப் புள்ளிவிவரங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

டி3 என்ற ஒரே பெயருக்குள்ளேயே பெரிய வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ரீனல் பெல்விஸ் கட்டி சிறுநீரகத் திசுவுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியுமளவு நுழைந்திருந்தாலும் டி3தான். கண்ணுக்கே தெரியும்படி திசுவை அரித்து, பக்கத்துக் கொழுப்பில் பரவியிருந்தாலும் டி3தான். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நோமோகிராமில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான் விழும். ரிப்போர்ட்டில் வெறும் 'டி3' என்று மட்டும் இருந்தால், எதற்குள் போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று பேத்தாலஜிஸ்டைக் கேட்பது நியாயமான கேள்வி.

அடுத்தது எல்.வி.ஐ., அதாவது கட்டியைச் சுற்றியுள்ள ரத்த நாளத்துக்குள்ளோ நிணநீர் நாளத்துக்குள்ளோ புற்றுச் செல்கள் நுழைந்திருப்பது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். நிணநீர் முடிச்சில் நோய் இல்லாதவர்களிடம் இது தனியாகவே வலுவான எச்சரிக்கை. ஆனால் ரிப்போர்ட்டில் இது விடுபடுவதும் உண்டு. 'எல்.வி.ஐ. இல்லை' என்று எழுதுவது வேறு, எதுவும் எழுதாமல் விடுவது வேறு. எழுதாததை 'இல்லை' என்று வைத்துக்கொண்டு கருவியில் தட்டினால், வரும் சதவீதம் ஆளை வீணாக ஆசுவாசப்படுத்தும்.

இவற்றோடு கட்டியின் வடிவம், தரம் (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்ற அளவு; உயர் தரம் என்றால் மோசமானது), உள்வகை ஆகியவையும் சேரும். காம்புடன் இலைபோல நீட்டிக்கொண்டிருப்பதைவிடச் சுவரோடு தட்டையாக ஒட்டியிருப்பது மோசம். கட்டியில் பத்து சதவீதத்துக்கு மேல் செல்கள் மடிந்துபோயிருப்பது, பக்கத்தில் கார்சினோமா இன் சிட்டு (உள்ளடுக்கைத் தாண்டாத, தட்டையான உயர் தரப் புற்று) இருப்பது, வெட்டிய விளிம்பில் நோய் தெரிவது, மைக்ரோபாப்பில்லரி, சார்கோமட்டாய்ட், ஸ்குவாமஸ் போன்ற உள்வகைகள் கலந்திருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவை. சுமார் நான்கில் ஒரு கட்டியில் இத்தகைய உள்வகை கலப்பு காணப்படுகிறது.

நிணநீர் முடிச்சு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'என்0' என்றால் எடுத்துப் பார்த்தோம், நோய் இல்லை. 'என்எக்ஸ்' என்றால் எடுக்கவே இல்லை. இரண்டையும் 'முடிச்சில் ஒன்றுமில்லை' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது நடக்கிறது. என்0 என்று எழுதியிருந்தாலும் எத்தனை முடிச்சு எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு முடிச்சை எடுத்து இரண்டிலும் இல்லை என்பது பெரிய ஆறுதல் அல்ல. நோய் பரவிய முடிச்சு ஒன்றாவது அகப்பட 75 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் சுமார் 8 முடிச்சும், 90 சதவீதம் வேண்டுமானால் சுமார் 13 முடிச்சும் எடுக்க வேண்டும் என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. எண்ணிக்கையைப் போலவே இடமும் முக்கியம். வலது ரீனல் பெல்விஸ் கட்டிக்குச் சிறுநீரக வாயிலும் பெரிய சிரையைச் சுற்றியும், சிரைக்கும் மகாதமனிக்கும் இடையிலும் எடுக்க வேண்டும். இடதுக்கு வாயிலும் மகாதமனிப் பக்கமும். கீழ் யூரேட்டர் கட்டிக்கு இடுப்புக்குள். இடம் மாறி எடுத்த பத்து முடிச்சைவிடச் சரியான இடத்தில் எடுத்த ஆறு முடிச்சு அதிகம் பேசும்.

இந்தத் தகவல்களை எல்லாம் கோத்துத்தான் நோமோகிராம்கள் உருவாயின. 2010இல் ஜெல்டெரஸ் குழு அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து வயது, டி நிலை, முடிச்சு, தரம் ஆகியவற்றால் ஒன்றைச் செய்தது. 2012இல் சா குழு பல நாட்டு மருத்துவமனைகளின் 2,244 நோயாளிகளை வைத்து டி நிலை, முடிச்சு, எல்.வி.ஐ., வடிவம், கார்சினோமா இன் சிட்டு என்பவற்றைச் சேர்த்தது. 2013இல் ரூப்ரே குழு பிரெஞ்சுத் தரவையும் பன்னாட்டுத் தரவையும் இணைத்து 3,387 பேர் அளவுக்கு விரித்தது. இவை கொடுக்கும் சி-இண்டெக்ஸ் 0.75 முதல் 0.8 வரை சுற்றி வருகிறது.

சி-இண்டெக்ஸை 'எண்பது சதவீதம் சரியாகச் சொல்லும்' என்று விளங்கிக்கொள்வது தவறு. இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நோய் முன்னால் திரும்பியது, மற்றவருக்குப் பின்னால் திரும்பியது அல்லது திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட ஜோடிகளில் எத்தனையில் முன்னவருக்குக் கருவி அதிக ஆபத்து கொடுத்திருந்தது என்பதுதான் சி-இண்டெக்ஸ். 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பது போல, 0.8 என்றால் ஐந்து ஜோடியில் நான்கு. இந்த ஜோடிகளில் நிறைய, டிஏ நோயாளியையும் டி4 நோயாளியையும் பக்கத்தில் வைத்தவை. அவர்களைப் பிரிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. டி3 என்0 நோயாளிகளை மட்டும் தனியாக எடுத்து அதே கருவியைப் போட்டுப் பார்த்தால் பிரிக்கும் திறன் இறங்கிவிடும். சந்தேகம் வருவதோ அந்தக் குழுவில்தான். ஆகவே புதிதாக ஒரு கணிப்பு மாதிரி வந்து 0.82 என்று பெருமைப்படும்போது, கடினமான குழுவில் அது எவ்வளவு என்று கேட்பதே எங்கள் வழக்கம்.

ஆட்களை வரிசைப்படுத்துவது ஒன்று, சொன்ன சதவீதம் நிஜத்தில் பொருந்துவது இன்னொன்று. 30 சதவீதம் ஆபத்து என்று சொன்ன நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேருக்கு நோய் திரும்ப வேண்டும். பதினைந்து பேருக்குத்தான் திரும்பியது என்றால், வரிசை எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த எண்ணை நோயாளியிடம் சொல்லக் கூடாது. இந்தப் பொருத்தம் காலத்தோடு நழுவும். கீமோ அரிதாக இருந்த காலத்தில், முடிச்சை ஒழுங்காக எடுக்காத கைகளில் உருவான தரவு, இன்றைய நோயாளிக்கு ஆபத்தைக் கூட்டிச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. வெளி மருத்துவமனைத் தரவில், அண்மைக் காலத்தில் சோதிக்காத கருவியின் எண்ணை 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வயதும் கணக்கைக் குழப்பும். இந்த நோய் அதிகம் வருவது எழுபதுக்கு மேல். அந்த வயதில் இதயமும் மூளை நாளமும் தம் பங்குக்குக் காத்திருக்கின்றன. மாரடைப்பில் இறந்தவரை, உயிர்வாழும் வாய்ப்பைக் கணக்கிடும் சாதாரண கப்லான்-மையர் முறையில் 'தொடர்பு விட்டவர்' என்று கணக்கிட்டால், அவர் உயிரோடு இருந்து நோய் திரும்பும் வாய்ப்புடன் இருப்பதாகக் கணிதம் எடுத்துக்கொள்ளும். விளைவாக, புற்றுநோய் ஆபத்து உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். போட்டி ஆபத்துகளைப் பிரித்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. 82 வயதுக்காரருக்குக் கீமோ பற்றி முடிவெடுக்கும்போது அந்த முறையில் செய்த எண்தான் உதவும்.

ரத்தப் பரிசோதனைக் குறிகள் பற்றி ஏராளமான கட்டுரைகள் வருகின்றன: நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரு வகை வெள்ளணுக்களின் விகிதம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஆல்புமின் புரதம். இவற்றுக்கும் விளைவுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் ஒரு கட்டுரை விகிதத்தின் எல்லையை 2.5 என்று வைக்கும், அடுத்தது 3, இன்னொன்று 4. தன் தரவில் எது அழகாகப் பிரிக்கிறதோ அதையே எல்லையாக வைத்தால் அடுத்த மருத்துவமனையில் அது நிற்காது. போதாததற்கு, யூரேட்டர் அடைத்துச் சிறுநீரில் தொற்று இருந்தாலோ ஸ்டென்ட் போட்டிருந்தாலோ இந்த விகிதம் தன்பாட்டுக்கு ஏறும். எண்பது நோயாளிகள், இருபத்தைந்து பேருக்கு நோய் திரும்பியது, ஆனால் பன்னிரண்டு குறிகளைப் போட்டுச் செய்த மாதிரி என்றால் அதை ஒதுக்கிவிடலாம். ஒரு குறிக்குக் குறைந்தது பத்து நிகழ்வாவது வேண்டும் என்ற பழைய விதி முரட்டுத்தனமானது என்றாலும், அந்த வாசலையே தாண்டாதவை நிறைய.

இனித் தாமதத்துக்கு வருவோம். டி நிலை, எல்.வி.ஐ., முடிச்சு என்று கணிப்பின் தூண்கள் எல்லாமே சிறுநீரகத்தை எடுத்த பிறகுதான் தெரிகின்றன. இந்த நோய்க்கு அறுவையோடு சேர்த்துப் பலன் நிரூபிக்கப்பட்ட கீமோவின் முக்கிய மருந்து சிஸ்பிளாட்டின். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். எடுப்பதற்கு முன் பாதிப் பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 60க்கு மேல் இருந்தால், எடுத்த பின் அந்த நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் என்பதைப் பல மருத்துவமனைத் தொகுப்புகள் காட்டியுள்ளன. யாருக்குக் கீமோ வேண்டும் என்று ரிப்போர்ட் சொல்லும் நாளில், பலருக்கு அதைத் தாங்கும் சிறுநீரகம் இல்லை.

2020இல் லான்செட் இதழில் வந்த பௌட் ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. பிரிட்டனில் 261 பேர். டி2 முதல் டி4 வரை அல்லது முடிச்சில் நோய் உள்ளவர்கள். அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் ஒரு பாதியினருக்கு ஜெம்சிடாபின்–பிளாட்டினம் நான்கு சுற்று, மறு பாதியினருக்குக் கண்காணிப்பு மட்டும். மூன்று ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் கீமோ பெற்றவர்களில் 71 சதவீதம், கண்காணிப்பில் 46 சதவீதம். ஒரு சுற்று 21 நாள்: முதல் நாள் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 70 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின், முதல் நாளும் எட்டாம் நாளும் சதுர மீட்டருக்கு 1000 மில்லிகிராம் ஜெம்சிடாபின். சிறுநீரகச் செயல்திறன் 50க்குக் கீழே, 30க்கு மேலே இருந்தவர்களுக்குச் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின். அந்தப் பிரிவில் ஆட்கள் குறைவு. அதனால் கார்போபிளாட்டினின் பலனை அத்தனை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஆகவே அறுவைக்கு முன்பே இரண்டு கணிப்பு வேண்டும். ஒன்று, கட்டி தசையைத் தாண்டியிருக்குமா? மற்றொன்று, மிஞ்சப்போகும் ஒற்றைச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யும்? முதலாவதற்கு, யூரேட்டருக்குள் மெல்லிய கேமரா விட்டுத் துணுக்கு எடுக்கும் யூரேட்டரோஸ்கோபி பயாப்ஸி பாதிதான் உதவும். சின்ன இடுக்கியில் வரும் துணுக்கில் தரம் தெரியும், ஆழம் தெரியாது. தரமும் சில சமயம் குறைவாகவே சொல்லப்பட்டு, முழு உறுப்பையும் பார்க்கும்போது மேலே ஏறும். அதனால் பயாப்ஸியில் உயர் தரம், சிறுநீர் செல் சோதனையில் உயர் தரச் செல்கள், சி.டி.யில் சிறுநீரக வீக்கம், சுவரைத் தாண்டிய தோற்றம், தட்டையான வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். மார்குலிஸ் குழு 2010இல் தரம், வடிவம், இடம் என்ற மூன்றை மட்டும் வைத்து, உறுப்பைத் தாண்டிய நோயை முன்கூட்டிச் சொல்லும் நோமோகிராம் செய்தது. அறுவைக்குப் பிந்தைய கருவிகள் அளவுக்குத் தகவல் அதில் இல்லை. இருந்தும் முடிவை மாற்றக்கூடிய நேரத்தில் கிடைப்பதால் அதன் மதிப்பு கூடுதல் என்பது எங்கள் தீர்மானமான எண்ணம்.

இரண்டாவது கணிப்பு எளிது. ஆனாலும் பலர் செய்வதில்லை. ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். 68 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிறுநீரகமும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று டி.டி.பி.ஏ. போன்ற ஐசோடோப் ஸ்கேன் சொல்லும். நோயுள்ள பக்கம் 40 சதவீத வேலையைச் செய்கிறது என்றால், அதை எடுத்த பின் மிஞ்சுவது 41 அளவு. மற்றச் சிறுநீரகம் ஈடுகட்டிக் கொஞ்சம் ஏற்றலாம், வயதானவரிடம் அந்த ஏற்றம் குறைவு. இவருக்குச் சிஸ்பிளாட்டின் கதவு அறுவையோடு மூடிவிடும். அதே 68, ஆனால் நெடுநாள் அடைப்பால் நோயுள்ள பக்கம் 10 சதவீத வேலைதான் செய்கிறது என்றால் மிஞ்சுவது 61. இவருக்கு முதலில் அறுவை, ரிப்போர்ட்டைப் பார்த்துக் கீமோ என்ற வரிசையே போதும். முதலாமவருக்குக் கட்டி ஆழமாக இருக்கும் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், கீமோவை முன்னால் கொண்டுவருவது பற்றி அறுவைத் தேதி குறிக்கும் முன்பே ஆன்காலஜிஸ்டுடன் பேச வேண்டும். அறுவைக்கு முன் ஜெம்சிடாபின்–சிஸ்பிளாட்டின் கொடுத்த, 2023இல் வெளியான 57 பேர் கொண்ட இரண்டாம் கட்ட ஆய்வில், 63 சதவீதம் பேருக்கு அறுவையின்போது நோய் டி2க்குக் கீழே, முடிச்சில் இல்லாமல் இருந்தது. ஒப்பிடக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதற்காக அறுவையை வெறுமனே தள்ளிப்போட்டுக்கொண்டே போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் தாமதம் மோசமான விளைவோடு தொடர்புள்ளது.

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். 2021இல் வந்த செக்மேட் 274 ஆய்வில் அறுவைக்குப் பின் நிவோலுமாப் ஒட்டுமொத்தமாகப் பலன் தந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலிருந்த மேல் பாதை நோயாளிகளிடம் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. உட்குழு முடிவை வைத்து மருந்தே வேண்டாம் என்று தள்ள முடியாது. சிஸ்பிளாட்டின் தாங்கக்கூடியவருக்கு அதற்கு மாற்றாக இதைக் கொடுக்கவும் கூடாது.

"திரும்ப வருமா?" என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு; அதைத் தனியாகச் சொல்லாவிட்டால் வீட்டார் பதறிப்போவார்கள். இந்த அறுவைக்குப் பின் 22 முதல் 47 சதவீதம் பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். இது நுரையீரலிலோ முடிச்சிலோ நோய் திரும்புவது போன்றதல்ல. பெரும்பாலானவை மேலோட்டமானவை, குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். இதன் ஆபத்துப் பட்டியலும் வேறு: ஆண்கள், முன்பே சிறுநீர்ப்பைக் கட்டி வந்தவர்கள், கட்டி யூரேட்டரில் இருந்தவர்கள், பல இடங்களில் இருந்தவர்கள், அறுவைக்கு முன் யூரேட்டரோஸ்கோபியும் பயாப்ஸியும் செய்துகொண்டவர்கள், கீழ் முனையை உள்வழியாக எண்டோஸ்கோப்பில் பிரித்தெடுத்தவர்கள். மேலே உதிரும் செல்கள் சிறுநீரோடு இறங்கிக் கீழே ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். அதனால்தான் அறுவையில் சிறுநீரகத்தை அசைக்கும் முன்பே, கட்டிக்குக் கீழே யூரேட்டரைக் கிளிப் போட்டு அடைப்பது நல்ல பழக்கம். சி.டி.யும் சிறுநீர் செல் சோதனையும் தெளிவாக உயர் தரக் கட்டியைக் காட்டும்போது, யூரேட்டரோஸ்கோபியைத் தவிர்க்க முடியுமா என்று யோசிப்பதும் இதனால்தான்.

இந்த ஆபத்தைக் குறைக்க எளிய வழி இருக்கிறது. 2011இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சிறுநீர்ப்பைக் குழாயை எடுக்கும் நேரத்தில் 40 மில்லிகிராம் மைட்டோமைசின் ஒரே ஒரு முறை உள்ளே விட்டபோது, முதல் ஆண்டில் சிறுநீர்ப்பைக் கட்டி 27 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. ஜப்பானில் 2013இல் 30 மில்லிகிராம் பிராருபிசினை 48 மணி நேரத்துக்குள் கொடுத்தும் பலன் கண்டார்கள். சிறுநீர்ப்பைத் தையல் ஆறவில்லை என்றால் மருந்து வயிற்றுக்குள் கசிந்து கடுமையான புண்ணை உண்டாக்கும். சந்தேகம் இருந்தால் சாய எக்ஸ்ரே எடுத்துக் கசிவில்லை என்று பார்த்துவிட்டே விட வேண்டும்.

முதல் நாள் சொன்ன சதவீதம் அப்படியே நிற்பதில்லை. நோய் திரும்புவது அதிகமும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில். டி3 நோயாளி இரண்டு ஆண்டை நோயின்றிக் கடந்தால், அடுத்த ஐந்தாண்டும் அவர் நோயின்றி இருக்கும் வாய்ப்பு முதல் நாள் எண்ணைவிடத் தெளிவாக மேலே போகும். பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நடுங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பலருக்கு யாரும் சொல்வதில்லை. கண்காணிப்பும் அதே வளைவைப் பின்பற்றுகிறது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோபியும் (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) சிறுநீர் செல் சோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிறு, நெஞ்சு சி.டி.யும். பிறகு சிஸ்டோஸ்கோபி ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்கப்பால் ஆண்டுக்கு ஒருமுறை, சி.டி. மூன்றாம் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை. மறு பக்கச் சிறுநீரகத்தில் கட்டி வருவது 2 முதல் 6 சதவீதம். எண் சிறியதுதான், ஆனால் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான் என்பதால் சி.டி.யில் அந்தப் பக்கத்தையும் கவனமாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அறுபது வயதுக்கு முன்பே இந்த நோய் வந்தவர்களிடமும், குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்தவர்களிடமும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற, இப்புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் பரம்பரைக் கோளாறைத் தேட வேண்டும். எடுத்த கட்டியிலேயே டி.என்.ஏ. பழுதுபார்க்கும் புரதங்களுக்கான சாயச் சோதனை செய்யலாம். புதிதாக எதையும் வெட்ட வேண்டாம். அந்தப் புரதம் ஏதாவது காணாமல் போயிருந்தால் மரபணு ஆலோசனையும், கோளாறு உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குடல் பரிசோதனையும் தொடர வேண்டும். கேட்காவிட்டால் பேத்தாலஜித் துறை இதைத் தானாகச் செய்யாமல் போகலாம். ரிப்போர்ட் வாங்கும் அன்றே, டி3 என்றால் எதற்குள், எத்தனை முடிச்சு, எல்.வி.ஐ. உண்டா என்ற கேள்விகளோடு இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். கீமோவுக்கான 90 நாள் அறுவை நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. ஆன்காலஜிஸ்ட் சந்திப்புக்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே தேதி வாங்கிக்கொள்வது நல்லது.